பாக்டீரியாவுக்குள்ளேயே ஓர் அளவுகோல்: தொழிற்சாலை வேதிப்பொருள் தயாரிப்பில் உயிரி உணரிகள் எதற்கு?

கேள்வி இது: "பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் வேதிப்பொருள்களை பாக்டீரியாவை வைத்துச் சர்க்கரையிலிருந்து தயாரிக்கும் ஆராய்ச்சியில் எங்கே பார்த்தாலும் பயோசென்சர், பயோசென்சர் என்கிறார்கள். அளப்பதற்கு எச்பிஎல்சி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எல்லாம் இருக்கின்றனவே, பாக்டீரியாவுக்குள் தனியாக ஓர் உணரி எதற்கு? இது உண்மையில் உற்பத்திக்கு உதவுகிறதா, ஆய்வுக் கட்டுரைகளோடு நின்றுவிடுகிறதா?" கேட்டவர் வேதியியல் முதுகலை மாணவர். அதனால் உயிரியல் பக்கத்தை விரித்தும் வேதியியல் பக்கத்தைச் சுருக்கியும் எழுதுகிறேன்.

முதலில் நேரடியான பதில். எச்பிஎல்சி, கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து ஒவ்வொன்றையும் அளக்கும் அருமையான கருவி. துல்லியத்தில் எந்த உயிரி உணரியும் அதன் பக்கத்தில் நிற்காது. சிக்கல் எண்ணிக்கையில்தான். ஒரு மாதிரியை ஓட்டி முடிக்கப் பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் பிடிக்கும். இரவு பகலாக ஆட்டோசாம்ப்ளர் ஓடினாலும் ஒரு நாளைக்கு நூறு மாதிரி பார்க்கலாம், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இன்னொரு பக்கம், மரபணுக்களில் சிறுசிறு மாற்றங்கள் செய்த நூறு கோடி விதமான பாக்டீரியாக்களை ஒரே குடுவையில் உருவாக்குவது இன்று பெரிய காரியமில்லை. நூறு கோடியை நாளுக்கு நூறு வீதம் அளந்தால் 27,000 ஆண்டு ஆகும். உருவாக்கும் வேகத்துக்கும் அளக்கும் வேகத்துக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளிதான் பிரச்சினை. அதை அடைக்க வந்ததுதான் பாக்டீரியாவுக்குள் வைக்கும் உணரி. ஒவ்வொரு செல்லும் தான் எவ்வளவு தயாரித்திருக்கிறது என்பதைத் தானே ஒளிர்ந்து காட்டிவிட்டால், நூறு கோடியிலிருந்து நல்லதைப் பொறுக்குவது ஒரு நாள் வேலையாகிவிடும்.

அவ்வளவு விதங்கள் ஏன் தேவைப்படுகின்றன? ஐந்து நொதிகள் கொண்ட ஒரு புதிய வேதிப்பாதையை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் வைக்கிறோம் என்று கொள்ளுங்கள். ஒவ்வொரு நொதியும் எந்த அளவு உருவாகலாம் என்பதற்குப் பத்துப் படிகள் வைத்தாலே ஒரு லட்சம் சேர்க்கைகள் வந்துவிடும். ஒரு நொதி கூடிவிட்டால் இடையில் உருவாகும் பொருள் தேங்கிச் செல்லுக்கே நஞ்சாகலாம். குறைந்துவிட்டால் அடுத்த நொதிக்கு வேலையே இருக்காது. இதற்கு மேல் ஈ. கோலையின் சொந்த மரபணுக்கள் 4,000-க்கும் அதிகம். அவற்றில் எதைத் தட்டினால் நம் பாதைப் பக்கம் கார்பன் கூடுதலாகத் திரும்பும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்ல இன்னும் யாராலும் முழுதாக முடியவில்லை. கணினி மாதிரிகள் உதவும். ஆனால் கடைசியில் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. செய்து பார்ப்பதற்கு ஆகும் காலமும் லேசுப்பட்டதல்ல. டூபாண்ட் நிறுவனமும் ஜெனன்கோரும் சேர்ந்து மக்காச்சோளச் சர்க்கரையிலிருந்து 1,3-புரோப்பேன்டயோல் தயாரிக்கும் ஈ. கோலையை 1990-களின் நடுவில் உருவாக்கத் தொடங்கின. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் லௌடன் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 2006-இல். அந்த ஒரு மூலக்கூறுக்குப் பின்னால் ஒரு பெரும் குழுவின் பத்தாண்டுக்கு மேலான உழைப்பு இருக்கிறது. இப்படி ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் பத்தாண்டு கொடுக்க எந்த நிறுவனத்தால் முடியும்?

இனி உணரி வேலை செய்யும் விதம். 1961-இல் ஃபிரான்சுவா ழகோபும் ழாக் மோனோவும் ஈ. கோலை லாக்டோஸைத் தின்னும் முறையை விளக்கினார்கள். லாக்டோஸ் இல்லாதபோது ஒரு புரதம் டிஎன்ஏ-வில் ஒட்டிக்கொண்டு, லாக்டோஸைச் செரிக்கும் நொதிகளின் மரபணுக்களை அடக்கி வைத்திருக்கும். லாக்டோஸ் வந்ததும் அதிலிருந்து உண்டாகும் ஒரு சிறு மூலக்கூறு அந்தப் புரதத்தில் போய் அமரும். புரதத்தின் வடிவம் மாறும், டிஎன்ஏ-வை விடும், மரபணு இயங்கத் தொடங்கும். பாக்டீரியாக்களிடம் இப்படிப்பட்ட அடக்கிகளும் இவற்றுக்கு எதிர்மாறான தூண்டிகளும் ஏராளம். மண்ணில் வாழும் பாக்டீரியாவுக்குச் சுற்றிலும் என்ன சாப்பாடு கிடைக்கிறது, என்ன நஞ்சு வருகிறது என்பது உடனுக்குடன் தெரிந்தாக வேண்டும், அதற்காக வந்த ஏற்பாடு. நாம் செய்வது ஒன்றே ஒன்றுதான். அந்தப் புரதம் கட்டுப்படுத்தும் மரபணுவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஜெல்லிமீனிலிருந்து வந்த பச்சை ஒளிர்வுப் புரதத்தின் மரபணுவை வைக்கிறோம். இப்போது செல்லுக்குள் அந்த மூலக்கூறு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பச்சை.

பிறகு ஃப்ளோ சைட்டோமீட்டர். செல்கள் ஒவ்வொன்றாக ஒரு மெல்லிய நீர்த்தாரையில் லேசர் முன் ஓடும். லேசர் பட்டதும் ஒளிர்வை அளக்கும். நீர்த்தாரை துளித்துளியாக உடையும் நொடியில், நாம் குறித்து வைத்த அளவுக்கு மேல் ஒளிர்ந்த செல் இருக்கும் துளிக்கு மட்டும் மின்னேற்றம் கொடுக்கும். மின்புலம் அந்தத் துளியைப் பக்கவாட்டில் இழுத்துத் தனிக் குழாயில் போடும். நொடிக்கு 20,000 செல்கள் என்று வைத்தால் ஒரு மணி நேரத்தில் ஏழு கோடி. எச்பிஎல்சி அந்த நேரத்தில் நாலைந்து மாதிரிகளை முடித்திருக்கும்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்திலிருந்து 2012-இல் வந்த லைசின் வேலை. லைசின் கால்நடைத் தீவனத்தில் சேர்க்கும் அமினோ அமிலம். உலகில் ஆண்டுக்கு இருபது லட்சம் டன்னுக்கு மேல் தயாராகிறது, அத்தனையும் நொதித்தல் முறையில்தான். கொரினேபாக்டீரியம் குளுட்டாமிகம் என்ற பாக்டீரியாதான் இதில் பெரிய உழைப்பாளி. அதனிடம் லைஸ்ஜி என்றொரு புரதம் இருக்கிறது. உள்ளே லைசின் அளவுக்கு மீறினால், லைசினை வெளியேற்றும் குழாயின் மரபணுவை அது இயக்கிவிடும். யூலிஷ் குழு அந்த மரபணுவின் முன்பகுதியோடு மஞ்சள் ஒளிர்வுப் புரதத்தை இணைத்தது. லைசினை மிகையாகத் தயாரிக்காத சாதாரண ரகத்தை வேதிப்பொருள் கொண்டு தாறுமாறாக மரபணு மாற்றத்துக்கு உள்ளாக்கி, சைட்டோமீட்டரில் ஓட்டி, ஒளிர்ந்தவற்றைப் பிடித்தது. பிறகு மரபணுத் தொகையை வாசித்து, எந்த மாற்றத்தால் இது நடந்தது என்று தேடியது.

அங்கே ஒரு மாற்றம் மர்ஈ என்ற மரபணுவில் கிடைத்தது. அது லைசின் பாதையிலேயே இல்லை. செல்சுவர் கட்டும் வேலையில் இருப்பது. ஆனால் கொஞ்சம் யோசித்தால் விளங்கும். லைசினுக்கு ஒரு படி முன்னால் உள்ள டைஅமினோபைமிலிக் அமிலம்தான் செல்சுவருக்கும் கட்டுமானப் பொருள். சுவர் கட்டும் நொதி கொஞ்சம் மந்தமானால், அந்தப் பக்கம் போக வேண்டியது மிஞ்சி லைசினாகிறது. அதே மாற்றத்தைச் சுத்தமான ரகத்தில் வைத்தபோதும் லைசின் சேர்ந்தது. பல பத்தாண்டுகளாகத் தொழிற்சாலைகள் துருவித் துருவிப் பார்த்த பாக்டீரியா இது. அதில் இன்னும் இப்படி ஓர் இடம் ஒளிந்திருந்தது. உணரியின் பெரிய பயன் என்று நான் நினைப்பது இதைத்தான். நமக்குத் தெரிந்ததை வேகமாகச் சோதிக்க அது உதவும், சரி. ஆனால் நாம் கேட்கவே தோன்றாத கேள்விக்கான விடையையும் அது கையில் கொடுக்கும்.

நீங்கள் கேட்ட பெட்ரோலிய வேதிப்பொருள்கள் பக்கம் வருகிறேன். ஹார்வர்டில் ஜார்ஜ் சர்ச்சின் குழு 2016-இல் வெளியிட்ட வேலை இதில் முக்கியமானது. 3-ஹைட்ராக்சி புரோபியானிக் அமிலம், அக்ரிலிக் அமிலம், குளுகாரிக் அமிலம், மியூகோனிக் அமிலம் ஆகியவை உருவாவதை ஈ. கோலையின் ஒளிர்வை வைத்தே நேரலையாகக் கவனித்தார்கள். எல்லாம் வேண்டிய பொருள்கள்தான். அக்ரிலிக் அமிலம் இன்று புரோப்பிலீனை ஆக்சிஜனேற்றம் செய்து வருகிறது. பெயிண்டிலிருந்து குழந்தைகளின் டயப்பர் வரை போகிறது. குளுகாரிக் அமிலம் சோப்புத்தூளில் பாஸ்பேட்டுக்கு மாற்று. மியூகோனிக் அமிலத்தில் ஹைட்ரஜன் ஏற்றினால் நைலான்-66-க்கான அடிபிக் அமிலம். இன்று அடிபிக் அமிலத்தை நைட்ரிக் அமில ஆக்சிஜனேற்றத்தில் தயாரிக்கும்போது நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறுகிறது. அது கரியமில வாயுவைப் போலச் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. பல ஆலைகள் அதைப் பிடித்து அழிக்கின்றன என்றாலும், அது உருவாகாத வழி இருந்தால் அதைத்தானே தேட வேண்டும்?

இதில் 3-ஹைட்ராக்சி புரோபியானிக் அமிலத்தை எப்படி அளந்தார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். அதற்கு நேரான உணரி அவர்களிடம் இல்லை. ஆனால் ரோடோபாக்டர் ஸ்பெராய்டிஸ் என்ற பாக்டீரியாவிடம் அக்ரிலேட்டை உணரும் ஏகுஆர் என்ற அடக்கிப் புரதம் இருந்தது. 3-ஹைட்ராக்சி புரோபியானேட்டிலிருந்து ஒரு நீர் மூலக்கூறைக் கழற்றினால் அக்ரிலேட். வேதியியல் படித்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செல்லுக்குள் இதை நேராகச் செய்ய முடியாது, கோஎன்சைம்-ஏ என்ற உதவி மூலக்கூறோடு இணைத்துத்தான் செய்ய வேண்டும். அதற்கான துணை நொதிகளையும் உள்ளே வைத்தார்கள். உருவாகும் பொருளில் ஒரு பகுதி அக்ரிலேட்டாக மாறும், ஏகுஆர் அதை உணரும், செல் ஒளிரும். நேராகப் பார்க்க முடியாத பொருளை, பார்க்கக்கூடிய ஒன்றாக மாற்றிப் பார்ப்பது; உங்கள் பகுப்பாய்வு வேதியியலில் டெரிவடைசேஷன் என்று செய்வீர்களே, அதே உத்தி, செல்லுக்குள். இந்த ஒளிர்வைப் பார்த்துப் பார்த்தே வளர்ப்பு நிலைமைகளை மாற்றி, லிட்டருக்கு 4.2 கிராம் வரை கொண்டுபோனார்கள். அந்தப் பாதையில் முன்பு வந்த அளவைவிட 23 மடங்கு. (இந்த 23 மடங்கைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்: இது மாலோனில்-கோஏ என்ற இடைப்பொருள் வழியாகப் போகும் பாதை. கிளிசராலிலிருந்து போகும் வேறொரு பாதையில் இதைவிட அதிகம் வந்திருக்கிறது.) குளுக்கோஸிலிருந்து அக்ரிலேட் வரை ஈ. கோலையில் ஒரு முழுப் பாதையையும் அதே கட்டுரையில் காட்டினார்கள்.

நேரலையாகப் பார்ப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. எச்பிஎல்சி-க்காக 24 மணி நேரத்தில் ஒன்று, 48 மணி நேரத்தில் ஒன்று என்று மாதிரி எடுப்போம். இடையில் என்ன நடந்தது என்று தெரியாது. பத்தாவது மணி நேரத்திலேயே உற்பத்தி நின்றுபோயிருக்கலாம். அல்லது செல் தான் தயாரித்ததைத் தானே தின்றிருக்கலாம். ஈ. கோலை குளுகாரேட்டைத் தின்னக்கூடியது, அதை உணரும் சிடிஏஆர் புரதமே அது தின்பதற்காக வைத்திருப்பதுதான்! 96 குழித் தட்டை ஒளிர்வு அளக்கும் ரீடரில் வைத்துச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒளிர்வைப் படித்தால், ஒவ்வொரு குழியின் கதையும் ஒரு வளைகோடாகக் கிடைத்துவிடும்.

இப்போது, இந்தத் துறையில் மிகவும் கற்றுத்தரும் விஷயம் என்று நான் கருதுவதைச் சொல்கிறேன்: ஏமாற்றும் செல்கள்.

ஒளிர்வதைப் பொறுக்குவதற்குப் பதிலாக, தயாரித்தால்தான் உயிர் பிழைக்கலாம் என்று விதி வைத்தால் என்ன? உணரியின் கட்டுப்பாட்டில் உயிர்காக்கும் மரபணு ஒன்றை வைத்துவிட்டால் சைட்டோமீட்டர்கூடத் தேவையில்லை, தயாரிக்காத செல் தானே செத்துப்போகும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் நூறு கோடி செல்களில், வேதிப்பொருளைத் தயாரிக்காமலே உயிர்காக்கும் மரபணுவை மட்டும் இயக்கிக்கொள்ளும் செல்கள் கட்டாயம் இருக்கும். வகுப்புக்கே வராமல் வருகைப் பதிவேட்டில் மட்டும் கையெழுத்துப் போடும் மாணவன் மாதிரி. அடக்கிப் புரதத்தில் ஒரு சிறு பழுது வந்தால் போதும், எப்போதும் இயங்கும். இந்தச் செல்களுக்குத் தயாரிப்புச் சுமை இல்லாததால், உண்மையாகத் தயாரிப்பவற்றைவிட வேகமாகவும் வளரும். இரண்டு மூன்று சுற்றில் குடுவை முழுக்க அவைதான் இருக்கும்.

சர்ச் குழுவில் ஸ்ரீவத்சன் ராமனும் மற்றவர்களும் 2014-இல் இதற்குக் கண்டுபிடித்த தீர்வைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. டோல்சி என்ற ஒரே புரதத்தை இருபுறமும் கூரான கத்தியாகப் பயன்படுத்தினார்கள். டோல்சி ஈ. கோலையின் வெளிச்சவ்வில் இருக்கும் ஒரு குழாய். எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருளை வெளியே தள்ள அது வேண்டும். அது இல்லாத செல் எஸ்டிஎஸ்-இல் பிழைக்காது. அதே சமயம், கோலிசின் ஈ1 என்ற நச்சுப் புரதம் செல்லுக்குள் நுழைவதே டோல்சி வழியாகத்தான். அது இருக்கும் செல் கோலிசினில் செத்துவிடும். உணரியின் கட்டுப்பாட்டில் டோல்சியை வைத்தார்கள். முதலில் தயாரிப்புப் பாதையை நிறுத்திவைத்துக் கோலிசினைக் கொடுத்தார்கள். தயாரிப்பே இல்லாத நேரத்தில் டோல்சியை வைத்திருக்கும் செல் எதுவோ அது ஏமாற்றுச் செல், அது சாகும். பிறகு பாதையை இயக்கி எஸ்டிஎஸ் கொடுத்தார்கள். இப்போது தயாரிக்காத செல் சாகும். சுற்றுக்கு நூறு கோடி செல்கள் அளவில், அதிகபட்சம் நான்கு சுற்றுகள். நரிஞ்செனின் என்ற தாவரப் பொருள் 36 மடங்கு கூடி லிட்டருக்கு 61 மில்லிகிராம் ஆனது. குளுகாரிக் அமிலம் 22 மடங்கு கூடியது. நரிஞ்செனினை உணர்ந்தது சூடோமோனாஸ் புட்டிடா பாக்டீரியாவின் டிடிஜிஆர் என்ற அடக்கி. இயற்கையில் அது நஞ்சுகளை வெளியேற்றும் ஒரு பம்பைக் கட்டுப்படுத்துவது.

பொறுக்கியெடுக்கும் எந்த ஏற்பாடும் நாம் மனதில் வைத்திருப்பதைத் தேர்ந்தெடுக்காது, நாம் எழுதிவைத்த விதிக்குப் பொருந்துவதைத்தான் தேர்ந்தெடுக்கும். உணரி வைத்து வேலை செய்பவர்கள் முதல் நாளிலிருந்தே இதை மனதில் வைத்தாக வேண்டும்.

ஏமாற்றுச் செல்கள் மட்டுமல்ல, உணரியே நம்மைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும் வழிகள் வேறு சிலவும் இருக்கின்றன. லைஸ்ஜி லைசினுக்கு மட்டும் ஒளிர்வதில்லை, ஆர்ஜினினுக்கும் ஹிஸ்டிடினுக்கும் ஒளிரும். பச்சை ஒளிர்வுப் புரதம் எளிதில் சிதையாது. செல் பிரியப் பிரியத்தான் அது நீர்க்கும். அதனால் வளர்ச்சி நின்றுபோன நோஞ்சான் செல், ஒன்றும் தயாரிக்காமலே பளிச்சென்று தெரியும். சைட்டோமீட்டரில் முதல் சுற்றில் பிடித்தவற்றில் கணிசமானவை மறுசோதனையில் தேறாததற்கு இதெல்லாம் காரணம். அந்தப் புரதம் ஒளிரத் தயாராவதற்கு ஆக்சிஜன் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. காற்றில்லாத நொதித்தல் தொட்டியில் வேலை செய்யும் பாக்டீரியாவுக்கு இந்த விளக்கு எரியாது. பிறகு, தயாரித்த பொருள் சவ்வைத் தாண்டிக் கசிந்தால் பக்கத்தில் சும்மா இருக்கும் செல்லும் அதை உள்ளே இழுத்து ஒளிரும். ஒரே குடுவையில் கலந்து வளர்க்கும்போது இது பெரிய தொல்லை. எண்ணெயில் மிதக்கும் நுண்துளிகளுக்குள் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அடைத்து வளர்ப்பது இதற்கு ஒரு வழி.

இவற்றைவிடப் பெரிய வரம்பு ஒன்று இருக்கிறது, அதைக் கட்டுரைகள் அடக்கித்தான் வாசிக்கின்றன. மண்ணில் வாழும் பாக்டீரியா உருவாக்கிய உணரிப் புரதம் மில்லிமோலார் (லிட்டருக்கு ஒரு மோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவிலும் அதற்குக் கீழேயும் நடக்கும் மாற்றங்களைக் கவனிக்க வந்தது. அதற்கு மேல் போனால் முழுதாக நிரம்பி, எல்லாச் செல்களும் ஒரே மாதிரி ஒளிரும். லிட்டருக்கு 4.2 கிராம் 3-ஹைட்ராக்சி புரோபியானிக் அமிலம் என்றால் சுமார் 47 மில்லிமோலார். தொழிற்சாலைக்கு வேண்டியதோ லிட்டருக்கு 100 கிராம் வாக்கில். ஆகவே லிட்டருக்கு மில்லிகிராமிலிருந்து சில கிராம் வரை ஏறும் கட்டத்தில்தான் உணரி நன்றாகக் கைகொடுக்கும். அதற்கு மேல் ஏற உணரிப் புரதத்தையே மரபணு மாற்றத்தால் மந்தமாக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய எச்பிஎல்சி வழிதான். போதாததற்கு, ஆலைக்காரர் கேட்பது அளவை மட்டுமல்ல. ஒரு கிராம் சர்க்கரைக்கு எத்தனை கிராம் பொருள் என்ற விளைச்சலையும், மணிக்கு எத்தனை கிராம் என்ற வேகத்தையும் கேட்பார். உணரி காட்டுவது செல்லுக்குள் இந்த நொடியில் உள்ள செறிவை. தொட்டியில் சேர்ந்த அளவும் விளைச்சலும் வேறு கணக்கு.

வேண்டிய மூலக்கூறுக்கு உணரி கிடைக்குமா என்று அடுத்து கேட்பீர்கள். பெரும்பாலும் முதலில் இயற்கையில்தான் தேடுகிறோம். ஏதோ ஒரு பாக்டீரியா அந்தப் பொருளைத் தின்னுமானால், தின்னும் நொதிகளின் மரபணுக்களுக்குப் பக்கத்திலேயே உணரிப் புரதத்தின் மரபணுவும் இருக்க வாய்ப்பு அதிகம். மியூகோனேட்டை உணரும் பென்எம், கேட்எம் இரண்டும் அசினெடோபாக்டர் என்ற பாக்டீரியா பென்சோயேட்டைத் தின்னும் பாதையிலிருந்து வந்தவை. பென்எம்-ஐ ஈஸ்டுக்குள்ளும் வேலை செய்ய வைத்திருக்கிறார்கள். இயற்கையில் இல்லாவிட்டால் இருப்பதை மாற்றியமைக்கலாம். ழகோப், மோனோ காலத்து அதே லாக்டோஸ் அடக்கியை 2016-இல் மாற்றியமைத்து, செயற்கை இனிப்பான சுக்ரலோஸை உணரும்படி செய்தார்கள். அராபினோஸ் என்ற சர்க்கரையை உணரும் அராசி புரதத்தை, அதோடு எந்த ஒற்றுமையும் இல்லாத மெவலோனேட் என்ற பொருளை உணரவைத்தது இன்னொரு குழு. புரதத்துக்குப் பதில் ஆர்என்ஏ-வே மூலக்கூறைப் பிடித்து வடிவம் மாறும் ரைபோசுவிட்ச்களும் உண்டு. அவற்றுக்குத் தனிப் பதிலே எழுத வேண்டும். எல்லா மூலக்கூறுக்கும் உணரி கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். புதிதாக ஒன்றை உருவாக்கிச் சீராக்குவதற்கே பல மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் ஆகின்றன. ஒரே பாதையை ஒரே ஒருமுறை சீர்செய்ய அவ்வளவு உழைப்பா என்பதை முதலிலேயே கணக்குப் பார்த்துவிட வேண்டும்.

கடைசிக் கேள்வி: உற்பத்திக்கு உதவுகிறதா?

ரகத்தைத் தேடிப் பிடிக்கும் கட்டத்தில் உதவுகிறது என்பதில் சந்தேகமில்லை. அப்படிப் பிடித்த பிறகு உணரியைக் கழற்றிவிட்டு, கண்டுபிடித்த மாற்றங்களை மட்டும் சுத்தமான ரகத்துக்கு மாற்றுவார்கள். ஒளிர்வுப் புரதம் தயாரிப்பதும் செல்லுக்கு ஒரு சுமைதானே. ஆகவே ஆலைத் தொட்டியில் இருக்கும் பாக்டீரியாவைப் பார்த்து, அதன் பிறப்பில் உணரிக்குப் பங்கு உண்டா என்று கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் உணரியைக் கழற்றாமல் தொட்டிக்குள்ளேயே வேலை வாங்கும் வழியும் இருக்கிறது, எனக்கு அதிக நம்பிக்கை தருவது அதுதான். 2000-ஆம் ஆண்டிலேயே ஃபார்மர், லியாவோ என்ற ஆய்வாளர்கள், செல்லில் குளுக்கோஸ் மிஞ்சும்போது கூடும் அசிட்டைல் பாஸ்பேட்டை உணர்ந்து, அப்போது மட்டும் தக்காளியின் சிவப்பு நிறமியான லைகோபீனுக்கான பாதையைத் திறக்கும் ஏற்பாட்டை ஈ. கோலையில் செய்தார்கள். உற்பத்தி 18 மடங்கு கூடியது. 2012-இல் ஜே கீஸ்லிங் குழு, கொழுப்பு அமிலம் கோஎன்சைம்-ஏ-யோடு இணைந்த வடிவத்தை உணரும் ஃபாட்ஆர் புரதத்தைக் கொண்டு, மூலப்பொருள் தயாரானபின்தான் பயோடீசல் நொதிகள் உருவாகும்படி செய்தது. லிட்டருக்கு ஒன்றரை கிராம், கோட்பாட்டளவில் வரக்கூடிய உச்சத்தில் 28 சதவீதம். உணரி இங்கே அளவுகோலாக இல்லை, மேற்பார்வையாளராக இருக்கிறது.

இதையும் தாண்டி ஒரு வேலை டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2018-இல் நடந்தது. ஆய்வகத்தில் நன்றாகத் தயாரிக்கும் ரகம் பெரிய தொட்டியில் ஏன் சறுக்குகிறது? சின்னக் குழாயிலிருந்து தொடங்கி லட்சக்கணக்கான லிட்டர் தொட்டி நிரம்பும் வரை செல்கள் பல தலைமுறை பிரிய வேண்டியிருக்கிறது. அதற்குள் தயாரிப்பு மரபணுக்களைத் தொலைத்த செல்கள் தோன்றி, வேகமாக வளர்ந்து, மற்றவற்றை முந்திவிடுகின்றன. முன்னே சொன்ன ஏமாற்றுக்காரர்கள்தான், இடம் மட்டும் வேறு. டென்மார்க் குழு, மெவலோனேட்டை உணரும் அந்த மாற்றியமைத்த அராசியின் கட்டுப்பாட்டில், உயிர்வாழ இன்றியமையாத மரபணுக்களை வைத்தது. மெவலோனேட் தயாரிப்பதை நிறுத்தும் செல்லால் வளர முடியாது. இப்படிச் செய்த ஈ. கோலை 95 தலைமுறை வரை உற்பத்தியைக் கைவிடவில்லை. அது இரண்டு லட்சம் லிட்டர் தொட்டியை நிரப்பப் போதுமான தலைமுறை எண்ணிக்கை. கட்டுரையில் வந்த சோதனை ஆய்வக அளவில்தான் நடந்தது, தொட்டியில் நடந்ததல்ல; அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அது கையில் எடுத்த பிரச்சினை அசல் ஆலைப் பிரச்சினை.

நீங்கள் இந்தத் துறையில் கட்டுரைகள் படிக்கத் தொடங்கினால், "இத்தனை மடங்கு கூடியது" என்ற வரிக்கு அப்பால் இரண்டு இடங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று, ஒளிர்வு ஒரு அச்சிலும் எச்பிஎல்சி-யில் அளந்த செறிவு இன்னொரு அச்சிலும் இருக்கும் வரைபடம். பல ரகங்களை அதில் போட்டிருக்கிறார்களா, இரண்டு மூன்று ரகங்களோடு நிறுத்திவிட்டார்களா என்று பாருங்கள். அந்த வரைபடமே இல்லாத கட்டுரையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மற்றது, பிடித்த ரகத்தின் மரபணு மாற்றத்தை உணரி இல்லாத புதிய செல்லுக்கு மாற்றி, அங்கேயும் உற்பத்தி கூடுகிறதா என்று பார்த்த சோதனை. யூலிஷ் குழு மர்ஈ மாற்றத்தைச் சுத்தமான ரகத்தில் வைத்துக் காட்டியதே, அதுதான். வேதியியலிலிருந்து வருபவருக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது. உணரிப் புரதத்தின் குழியில் எந்த மூலக்கூறு பொருந்தும், எது பொருந்தாது, ஒரு நீர் மூலக்கூறைக் கழற்றினால் எது எதுவாக மாறும் என்பதெல்லாம் உங்கள் பாடம்தான். மரபணுவை வெட்டி ஒட்டும் வேலையை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்.